ஒக்கலில் இருப்பவள்

காலையில் கட்டிய சேலை, பத்து மணிக்குள் இடது இடுப்பில் மட்டும் கசங்கிப் போயிருந்தது. வலது பக்கம் மடிப்புக் கலையவில்லை. யுவராணி நீவி விட்டாள். மறுபடியும் கசங்கியது. குழந்தையை ஒக்கலில் தூக்கினால் கசங்குமே, அதே இடம்.

நான்கு மாதங்களுக்கு முன், ஓடைப்பட்டித் திராட்சைப் பந்தலின் கீழ் பழம் வெட்டிக்கொண்டிருந்தபோது, இரண்டு வயது மகளை ஒக்கலிலிருந்து ஒரு நிமிடம் இறக்கி விட்டாள். ஒரே நிமிடம். பூச்சிமருந்து கலக்கத் தண்ணீர் நிரப்பி வைத்த தொட்டியில் மகள் மிதந்தாள். கணவன் வேல்பாண்டி ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டித் தொலைத்திருக்கலாம் என்று அவள் தினமும் நினைத்தாள்.

முதலில் கசங்கல் மட்டும்தான். பிறகு, பந்தலுக்குள் காற்றே இல்லாத மதியங்களில், பழுத்த திராட்சையின் புளித்த வாடையும் மருந்து நெடியும் மூக்கில் ஏறி, இலைகளின் நிழல் தரையில் அசையாமல் கிடக்கையில், இடுப்பில் ஒரு சூடு வந்து உட்காரும். சின்னக் குதிகால் ஒன்று தொடையில் மெல்லத் தட்டும். வாரத்துக்கு வாரம் கனம் கூடியது. வளர்கிற பிள்ளையின் கனம். குனிந்து பார்க்கவே அவளுக்குப் பயம். உதறிவிடலாம் என்று நினைத்தால் அதைவிடப் பெரிய பயம் வந்தது. மறுபடியும் இறக்கி விடுவதா?

இடது கால் இழுக்கத் தொடங்கியதும் வேல்பாண்டி அவளைக் கம்பம் ஆஸ்பத்திரிக்கு எக்ஸ்ரே எடுக்கக் கூட்டி வந்தான். அவன் வெளியே பெஞ்சில் உட்கார்ந்தான்.

“முழுகாம இருக்கீகளாக்கா?” என்று கேட்டாள், எக்ஸ்ரே எடுக்கும் பிரின்சி.

“இல்லம்மா.”

“அப்ப மல்லாந்து படுங்க. அசையாதீக.”

மேசை சில்லென்றிருந்தது. இடது இடுப்பு மட்டும் சுட்டது. மெஷின் ஒரு தடவை சொடுக்கியது. கண்ணாடிக்குப் பின்னால் பிரின்சி திரையை நோக்கிக் குனிந்தாள்.

“இடுப்புல என்னத்தக்கா சொருகி வச்சிருக்கீக? இங்கன வந்து பாருங்க.”

திரையில் முறம் போல விரிந்த இரண்டு எலும்புகள். கீழே, தொடையெலும்பின் உருண்டைகள் பொருந்திய இரண்டு குழிகள்.

“இது உங்க இடுப்பெலும்பு. பிறக்கையில மூணு துண்டா இருக்குறது, பெரியவகளுக்குச் சேந்து ஒண்ணாயிரும்.” அவள் விரல் இடது விளிம்புக்கு மேலே போய் நின்றது. “இது இன்னும் சேரல. நடுவுல குருத்தெலும்பு. சின்னப் பிள்ளைகளுக்குத்தேன் இப்படி இருக்கும்.”

விளிம்பின் மேல் ஏறி உட்கார்ந்திருந்தது ஒரு குட்டி இடுப்பெலும்பு. துண்டு துண்டாக. அதிலிருந்து இரண்டு சின்னத் தொடையெலும்புகள் தொங்கின. யுவராணிக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. நான்கு மாதம் கழித்து மகளைப் பார்க்கிறாள்.

“மெஷின் கோளாறா இருக்கும். இன்னொருக்க எடுப்போம்.” பிரின்சி மெஷின் பக்கம் திரும்பினாள். பிறகு, தன்னை அறியாமல் சொன்னாள்: “பாப்பாவ இறக்கி விட்டுட்டுப் படுங்கக்கா.”

“மாட்டேன்.”

படுத்தாள். மெஷினின் முனகல். கனம் நகர்ந்தது. சின்ன முட்டிகள் இடுப்பில் இறுகின. விலாவில் மூச்சு. எலும்புக்குள் ஒரு குத்தல். இன்னொன்று. பல்லைக் கடித்தாள்.

“அழாத கண்ணு. அம்மா விடல.”

சொடுக்.

பிரின்சி கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே ஓடினாள். “என்னாச்சும்மா?” என்று வேல்பாண்டி பதறுவது கேட்டது. யுவராணி மேசையைப் பிடித்து இறங்கி, காலை இழுத்துக்கொண்டு திரைக்கு முன் வந்து நின்றாள்.

துண்டுகள் சேர்ந்திருந்தன. மகளின் எலும்பு எது, தன் எலும்பு எது என்று பிரித்துச் சொல்ல ஒரு கோடுகூட இல்லை. தொங்கிய தொடையெலும்புகள் இரண்டும் மேலேறி, அவள் இடுப்பைச் சுற்றி வளைத்துப் பூட்டியிருந்தன.