நல்லதண்ணி ஒழுங்கைக்கு ஒரு வாக்கு

“ஐயா, நல்லதண்ணிக் கிணத்துக்குப் போற ஒழுங்கை எங்கடை சனத்தின்ரை கையை விட்டுப் போட்டுது. என்னாலைதான்,” என்றார் ஏரம்பு. கிராமசபையில் கடற்கரை வட்டார உறுப்பினர் அவர்.

நீக்கிலாப்பிள்ளை நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராய் இருந்து இளைப்பாறியவர்; பிறர் சொன்னதைச் சொன்னபடியே கேட்டுப் பழகியவர். பக்கத்தில் நண்பர் நடராசா. கேட்டு முடிக்குமுன்பே தீர்ப்புச் சொல்லாவிட்டால் அந்த மனிதருக்குச் சோறு இறங்காது.

போன கூட்டத்தில், ஒழுங்கையை மூடிப் பக்கத்துக் காணிக்காரர் பஞ்சலிங்கத்துக்கு விடவேண்டுமென்று உறுப்பினர் தில்லைநாதன் பிரேரித்தார். வாக்கெடுப்புக்குச் சற்றுமுன் சபைத் தொலைபேசியில் ஏரம்புக்கு அழைப்பு. அவர் ஓடிப்போக, பிரேரணை மூன்றுக்கு இரண்டாக நிறைவேறியது. அவர் இருந்திருந்தால் மூன்றுக்கு மூன்று. வாக்குச் சமனானால், தலைவர் கனகசபாபதி தமது அறுதி வாக்கை ஒழுங்கையின் பக்கமே போடுவதாகச் சொல்லியிருந்தார். நாளைக் கூட்டத்தில் முடிவு உறுதியானால் வேலி அடைத்துவிடுவார்கள்.

“கோல் எடுத்தவன் என்ன சொன்னவன்? ஒரு சொல்லும் மாத்தாமல் சொல்லும்,” என்றார் நீக்கிலாப்பிள்ளை.

“‘பெரியாஸ்பத்திரியிலை இருந்து கதைக்கிறன். சின்னாச்சி பஸ்ஸிலை அடிபட்டிட்டா. இந்தக் கூட்டத்தை விட்டிட்டு உடனை வாருங்கோ’ எண்டான். சைக்கிள் இரவல் கேக்க எதிரிலை பஞ்சலிங்கத்தின்ரை கடைக்கு ஓடினன். பட்டப்பகலிலை கதவு சாத்திக் கிடந்துது. பிறகு பஸ்ஸிலை போய் வாட்டு வாட்டா என்ரை மனுசியைத் தேடினன், ஐயா. அவ யாழ்ப்பாணச் சந்தையிலை மீன் வித்துக்கொண்டு இருக்கிறா.”

“தில்லைநாதன்ரை மகனுக்குப் பெரியாஸ்பத்திரியிலைதான் வேலை. விசயம் முடிஞ்சுது,” என்றார் நடராசா.

“கோல் அங்கையிருந்து வரேல்லை,” என்றார் நீக்கிலாப்பிள்ளை.

மறுநாள் சபையில், பார்வையாளர் வாங்கில் உட்கார்ந்து பஞ்சலிங்கம் வெற்றிலை மென்றுகொண்டிருந்தார். நீக்கிலாப்பிள்ளை தலைவரிடம் அனுமதி கேட்டு எழுந்தார்.

“சொல்லுறவனுக்குக் கிட்ட இருக்கிறதை ‘இந்த’ எண்டுவம்; கேக்கிறவனுக்குக் கிட்ட இருக்கிறதை ‘உந்த’ எண்டுவம். ஆஸ்பத்திரியிலை நிக்கிறவன் இங்கை நடக்கிற கூட்டத்தை ‘உந்தக் கூட்டம்’ எண்டுதான் சொல்லுவான். இவன் ‘இந்தக் கூட்டம்’ எண்டவன். ஏனெண்டால் கூட்டம் அவன்ரை கண்ணுக்கு முன்னாலை நடந்தது. இந்த மண்டபம் தெரியிற இடத்திலை வேறை ஒரேயொரு ரெலிபோன்தான் இருக்கு. அது எதிர்க்கடையிலை. அண்டைக்கு அந்த நேரம் கடைக்கதவு சாத்தியிருந்தது.”

“உந்தக் கதையை ஆர் நம்புவினம்?” என்று பஞ்சலிங்கம் சீறினார்.

“பாருங்கோ, கதை என்ரை வாயிலை இருந்து வந்தபடியால் ‘உந்தக் கதை’ எண்டு சரியாச் சொல்லுறியள். அண்டைக்கும் அப்பிடிச் சொல்லியிருந்தால் தப்பியிருப்பியள்.”

தில்லைநாதன் பஞ்சலிங்கத்தை நிமிர்ந்து பார்த்தார். “கதவு ஏன் சாத்தினனீ எண்டு நானும் அண்டைக்குக் கேட்டனான். தலையிடி எண்டாய்,” என்றவர், தலைவர் பக்கம் திரும்பினார். “என்ரை பிரேரணைக்குத் திருப்பி வாக்கெடுங்கோ.”

“ஒழுங்கை திறந்தே இருக்கவேணும் எண்டிற ஆக்கள்?” என்றார் கனகசபாபதி.

ஏரம்பு இரண்டு கையையும் தூக்கினார். ஒன்றை இறக்கச் சொன்னார் தலைவர்.