தொட்டியின் நாலாவது கால்

“வளைஞ்ச இரும்பு தானா நிமிருமா, சொல்லு பார்ப்போம்?” என்று இன்ஜினியர் ஹரிநாராயணன் சார் ஒருமுறை வினோலியாவைக் கேட்டார். ஓர் எல்லை வரைக்கும் நிமிரும், தாண்டினால் நிமிராது என்று அவளுக்குத் தெரியும். அவர் சாப்பிடப் போகும்போதெல்லாம் அவருடைய புத்தகத்தைப் புரட்டிப் படித்திருந்தாள். ஆனால் அவள் சொல்வதற்குள், “ஒன்பதாவதோட நின்னவகிட்ட கேட்டேன் பாரு” என்று அவரே சிரித்துக்கொண்டார். அந்தச் சிரிப்பு அவளுக்குள் இன்னும் எரிந்துகொண்டிருந்தது.

பேட்டைப் பட்டறையின் மாடியறையில் கம்ப்யூட்டருக்கு எண்களை அடித்துக் கொடுப்பது அவள் வேலை. முற்றத்தில் பழைய இரும்புக் கால்கள் நான்கின் மேல் புதுத் தொட்டியை முதலிலேயே ஏற்றிவிட்டார்கள். தண்ணீர் விடலாமா என்பதற்குத்தான் இப்போது கணக்கு. கீழே, அதன் நாலாவது காலருகே, அவள் அண்ணன் தொம்மை இரும்பு தேய்க்கும் கிரைண்டரோடு குந்தியிருந்தான்.

பாரத்தைப் பைய ஏற்றி, கால் வளைய வளையப் புதிதாகக் கணக்கிட்டு, ஒவ்வொரு படியிலும் பிசகு போதிய அளவு குறைந்த பிறகே கம்ப்யூட்டர் அடுத்த படிக்குப் போகும். நாலாவது காலில் அது தினமும் நின்றுவிட்டது. கால்கள் தாங்கும் என்று சாரின் கையெழுத்து முதலாளி அண்ணாச்சிக்கு இன்றே வேண்டுமாம்.

“எவ்வளவு பிசகு இருந்தாலும் ஏத்துக்கிற மாதிரி அந்த வரம்பு எண்ணைப் பெரிசாக்கு” என்றார் சார்.

“அப்போ தப்பான விடையையும் சரின்னு சொல்லிருமே, சார்?”

“சொன்னதை அடி.”

அடித்தாள். ஆத்திரத்தோடு கடைசி விசையைத் தட்டினாள்.

திரையில் பச்சைக் கோடுகளாலான தொட்டி ஒரு படி இறங்கியது. அதே நொடியில் சூடான தூசியும் துருவும் மணக்கும் சாயங்காலக் காற்றோடு ஜன்னல் வழியே நீளமாக ஒரு முனகல் வந்தது, பாரம் சுமந்த முதுகிலிருந்து வருவது போல. கோடுகள் மறுபடி இறங்கின. மறுபடி முனகல்.

தொட்டியில் ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது.

நிறுத்தும் விசையை அழுத்தினாள். நிற்கவில்லை. இன்னொரு படி. ஜன்னலுக்கு ஓடினாள். நாலாவது கால் முழங்கால் மடக்குவது போல மடங்கிக்கொண்டிருந்தது. திரையில் மடங்கிய அதே இடத்தில்.

“அண்ணே!”

கிரைண்டர் இரைச்சல் குரலை விழுங்கியது.

“சார், கீழ எங்க அண்ணன் இருக்கான்.”

அவரும் பார்த்தார். முகம் வெளிறியது. ஸ்கூட்டர் சாவியை எடுத்தார், படியிறங்கினார். சொல்லப் போகிறார் என்று ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

முற்றத்தில் தொம்மையின் அருகே அவர் நின்றார். அவன் கிரைண்டரை நிறுத்திவிட்டு நிமிர்ந்து, என்ன சார் என்பது போலப் பார்த்தான். பின்னால் தொட்டியின் நிழல் அவன் முதுகில் பைய ஏறிக்கொண்டிருந்தது.

அவர் வாய் திறக்காமல் அவனைத் தாண்டி வாசலுக்குப் போனார்.