காருக்குள் தோசை மணம்

அஜின்கோர்ட்டில் மகேஸ்வரன் வீட்டுக் கராஜ் கதவு உள்நோக்கி மடிந்து கிடந்தது. சரிவான டிரைவ்வேயில் இறங்கிய கார் நிற்காமல் போய் இடித்திருந்தது. ஓட்டி வந்தவள் அவருடைய மருமகள் தேனுகா. பின் சீற்றில் அவளுடைய கைக்குழந்தை. நல்லகாலம், இருவருக்கும் ஒரு கீறல்கூட இல்லை.

"பிரேக்குக்குப் பதிலா அக்சிலேற்றரை மிதிச்சிட்டாள். இனி இவள் பேரனை வைச்சுக்கொண்டு கார் எடுக்கக் கூடாது," என்று மகேஸ்வரன் தீர்ப்பே சொல்லிவிட்டார். தேனுகா குனிந்து தன் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இன்சூரன்ஸ் கம்பனியிலிருந்து விசாரிக்க வந்த பிரதீபாவுக்கு, யாராவது இவ்வளவு அவசரமாகத் தீர்ப்புச் சொன்னால் உள்ளுக்குள் ஏதோ குறுகுறுக்கும். வாசல் கதவின் பிணைச்சலில் எண்ணெய் வடிந்திருந்ததைப் பார்த்தாள்.

"என்ரை வீட்டில ஒரு கதவும் கத்தாது தங்கச்சி," என்றார் மகேஸ்வரன் பெருமையாக.

மகேஸ்வரனையும் தேனுகாவையும் கூட்டிக்கொண்டு, காரைக் கொண்டுபோய் விட்டிருந்த சிவரூபனின் வாகனம் திருத்தும் கடைக்குப் போனாள். சிவரூபன் காரை உயர்த்தி, முன் சில்லுகளைக் கழற்றினான்.

"பாருங்கோ அக்கா, சில்லைப் பிடிக்கிற பிரேக் பாட் நல்ல தடிப்பு. தேயவே இல்லை. டிஸ்க்கிலயும் ஒரு கீறல் இல்லை."

"அப்ப நான் சொன்னதுதானே!" மகேஸ்வரன் நெஞ்சை நிமிர்த்தினார்.

பிரதீபா விடுவாளா? "பிரேக் ஒயில் எங்கயும் கசியுதோ?"

"இல்லை அக்கா, குழாயெல்லாம் காஞ்சு கிடக்கு."

"தேனுகா, அண்டைக்கு நடந்ததைச் சொல்லும்."

"கோயிலுக்குப் போக முதல் பூ வாங்கப் போனன். ஸ்டொப் சைனிலயே கொஞ்சம் தள்ளித்தான் நிண்டுது. திரும்பி வீட்டடிக்கு வரேக்க... சிரிக்காதேங்கோ அக்கா, தோசை சுடுற மணம் வந்தது. மாமி சமைக்கிறா எண்டு நினைச்சன்."

"சமைச்சவவோ?"

"இல்லை. றிச்மண்ட் ஹில் கோயில்லதானே சாப்பாடு. அடுப்பே மூட்டேல்லை."

"கார் முந்தி ஏதும் கரைச்சல் குடுத்ததோ?"

"பிரேக் பிடிச்சாக் கீச்செண்டு கத்தும். அண்டைக்குத்தான் ஒரு சத்தமும் இல்லை."

பிரதீபா முன் சில்லுப் பாட் ஒன்றை எடுத்து முகர்ந்தாள். பிறகு பின் சில்லுப் பக்கம் போய் அதையும் முகர்ந்தாள். அங்கே வெறும் தூசிதான். அட, இவ்வளவுதானா என்று அவளுக்குச் சிரிப்பே வந்துவிட்டது.

"எல்லாரும் தேய்மானத்தைத்தான் பார்த்தம், ஒருத்தரும் மணந்து பாக்கேல்லை. இது நல்லெண்ணெய். பிரேக் பிடிக்கப் பிடிக்கச் சூடேறி, தோசைக்கல்லு மாதிரி மணந்திருக்கு. எண்ணெய் ஊறின பாட் கத்தாது, காரையும் நிப்பாட்டாது." அவள் திரும்பினாள். "கத்துற கதவுக்கு எண்ணெய் விடுறவர்தான் கத்துற சில்லுக்கும் விட்டிருப்பார். நீங்கள்தானே அங்கிள்?"

மகேஸ்வரனின் முகம் கறுத்துப் போனது.

"கோயில் பார்க்கிங்கில கீச்செண்டு போய் நிண்டால் சனமெல்லாம் திரும்பிப் பாக்குமெண்டு வெக்கமாக் கிடந்தது. அண்டைக்குக் காலமை சாமி விளக்குக்கு வைச்சிருந்த நல்லெண்ணெயில கொஞ்சம் எடுத்து முன் சில்லுகளுக்க விட்டன். ஐயோ, என்ரை பேரன் எல்லே உள்ளுக்க இருந்தவன்! பிள்ளை, பிழை என்ரை."

தேனுகா அப்போதுதான் அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"என்ரை கால்தான் பிழைச்சுதெண்டு நானே நம்பிட்டன் மாமா," என்றாள். "அண்டையிலயிருந்து பிள்ளையைத் தூக்கவே எனக்குப் பயமாக் கிடந்தது."