குடலாலைக்கு உரிமையாளர்

மாத்திரை நின்று மூன்று மாதமாகியும் ஜெசிந்தாவுக்குச் சர்க்கரை ஏறவில்லை. நிறுவனத்துக்கு அதுதான் தலைவலி.

தூத்துக்குடியில் இப்போது அநேகமாக யாரும் இன்சுலின் ஊசி போடுவதில்லை. ஒருமுறை விழுங்கிய நுண்ணுயிர்கள் குடலில் குடியேறி, தேவைப்படும்போதெல்லாம் இன்சுலினைச் சுரந்து ரத்தத்தில் சேர்க்கும். குடலாலை என்று பெயர். ஆனால் நிறுவனத்தின் திறவு மாத்திரையை மாதாமாதம் விழுங்காவிட்டால் அவை பட்டினியில் செத்துவிடும், அப்படித்தான் வடிவமைத்திருந்தார்கள்.

விலையேற்றத்தை எதிர்த்து ஊர்வலம் போனவர்களுக்கு மாத்திரை நிறுத்தப்பட்டது. அவர்களில் மற்ற எல்லாரும் பழைய ஊசிக்குத் திரும்பினார்கள். முன்னால் கொடி பிடித்துப் போன விளையாட்டு ஆசிரியை ஜெசிந்தாவின் குடலில் இருந்தவையோ, மாத்திரை இல்லாமலே பிழைக்கக் கற்றுக்கொண்டன.

நிறுவன அதிகாரி புகழேந்தி அழிப்பு மருந்தோடு வீட்டுக்கே வந்துவிட்டார்.

"குடிச்சிடுங்க மேடம். அது எங்க கம்பெனி சொத்து."

"பட்டினி போட்டுச் சாகடிக்கப் பாத்தது நீங்க. சோறு போட்டு வளத்தது நான். கெளம்புங்க சார்."

வழக்கு நீதிமன்றத்துக்குப் போனது. "அந்த நுண்ணுயிரும் அதன் சந்ததிகளும் எங்கள் கட்சிக்காரரின் உடைமை" என்று அடித்துப் பேசினார் நிறுவனத்தின் வக்கீல்.

ஜெசிந்தா எழுந்தாள். "சரிங்கய்யா, அவங்களுதுன்னே இருக்கட்டும். இவரு என் வீட்டுக்காரரு ரெமிஜியுஸ். சர்க்கரையே கிடையாது, எதையும் விழுங்கவும் இல்ல. இவரு வயித்துலயும் அது இருக்கு. எங்க பள்ளிக்கூடத்து வாத்தியார்மாருக்கும் இருக்கு, டெஸ்ட் எடுத்துப் பாத்தோம். கேக்காம அடுத்தவன் வயித்துல குடியேறுன சொத்துக்கு யாரு பொறுப்பு? வந்து அள்ளிட்டுப் போகச் சொல்லுங்க."

வக்கீல் புகழேந்தியின் காதில் குசுகுசுத்தார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, "அது தானாக மாறிய வேறு உயிர், கனம் நீதிபதி அவர்களே. எங்கள் நிறுவனத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை" என்றார்.

நீதிபதி அதை இன்னொரு தரம் சொல்லச் சொல்லிப் பதிவு செய்துகொண்டார்.

வெளியே வந்ததும் ரெமிஜியுஸ் கேட்டான்: "ஜெயிச்சாச்சு, சரி. நாளைக்கு இதனால ஏதாவது ஆச்சுன்னா யாரைப் போய்க் கேக்குறது? இப்ப இதுக்கு ஓனரே இல்லையே?"

ஜெசிந்தா படியிறங்கத் தொடங்கினாள். படிக்கட்டில் ஊர்வலத்தில் வந்தவர்கள் காத்திருந்தார்கள்.

"எங்களுக்கும் அதைக் குடுப்பீங்களா டீச்சர்? ஏதாவது ஆயிராதே?"

"ஆகாதுன்னு சொல்ல மாட்டேன்" என்றாள் ஜெசிந்தா. "ஆனா, ஆச்சுன்னா நேரா என் வீட்டுக்கு வந்து என் சட்டையைப் புடிங்க. அவனுங்க மாதிரி எனக்குச் சம்பந்தமில்லைன்னு கதவைச் சாத்த மாட்டேன்."