எட்டு நிமிடத்தில் நாலு மாடி

அக்கா நடந்துகொண்டேதான் படிப்பாள். அந்த வாரம் அவள் வீட்டுக்குள் நடந்த நடையை வெளியே நடந்திருந்தால் பக்கத்து நாட்டுக்கே போயிருக்கலாம். தரையில் ஓர் அங்குலப் பள்ளம் விழுந்தது. நம்பாதவர்கள் அளந்து பார்க்கலாம்.

அவள் படித்தது பேரிடர் மேலாண்மை. வெள்ளம், தீ, நிலநடுக்கம் வந்தால் மக்களைக் காப்பாற்றும் படிப்பு. மறுநாள் செய்முறைத் தேர்வு. அபாய மணி அடித்த எட்டு நிமிடத்துக்குள், அவள் குடியிருந்த நாலு மாடிக் கட்டடத்தில் உள்ள எல்லோரும் மைதானத்தில் நிற்க வேண்டும். இல்லையென்றால் இன்னும் ஒரு வருடம் படிக்க வேண்டும்.

ஒத்திகைக்காக மணியை அடித்துப் பார்த்தாள். வந்து சேர்ந்தது அவள் தங்கை கடுகும் ஒரு பூனையும். கடுகுக்கு ஒன்பது வயது. பூனை தன் வயதைச் சொல்லவில்லை.

"போச்சு, நான் ஃபெயில்," என்று அக்கா மறுபடி நடக்கத் தொடங்கினாள்.

"நில்லுக்கா, எனக்குத் தலை சுத்துது. ஏன் வரலைன்னு நான் போய்க் கேட்டுட்டு வரேன்."

மூன்றாம் மாடியில் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் செய்தித்தாளுக்குப் பின்னால் இருந்தார்.

"மணி கேக்கலையா தாத்தா?"

"கேட்டுச்சு. நாப்பது வருஷமா மணி அடிச்சா பஸ்ஸத்தான் நகத்தியிருக்கேன். நான் நகந்ததில்ல."

எதிர்வீட்டில் தையல் அத்தை மெஷினை நிறுத்தவே இல்லை. கடுகு காதருகே போய்க் கத்தினாள்.

"மணியா? எப்ப அடிச்சுது?" என்றார் அத்தை. "என்னை விடு. டிரைவருக்கு முட்டி வலியாச்சே, பாவம், தனியா எப்படி இறங்குவாரு?"

கடுகு திரும்ப டிரைவரிடம் ஓடினாள். "தாத்தா, அத்தைக்கு மணியே கேக்கலையாம்."

"எப்படிக் கேக்கும்? அந்த மெஷின் சத்தத்துல இடி விழுந்தாக்கூடத் தெரியாது. பாவம், தனியா மாட்டிக்கும்."

கடுகு படியில் உட்கார்ந்து மூக்கைச் சொறிந்தாள். தன்னைக் காப்பாற்றிக்கொள்ள இங்கே யாருக்கும் அவசரமில்லை. அடுத்த வீட்டை நினைத்தால்தான் கவலை.

எழுந்து மறுபடி இரண்டு கதவையும் தட்டினாள்.

"தாத்தா, நாளைக்கு மணி அடிச்சா அத்தையை நீங்கதான் கூட்டிட்டு வரணும்."

"அத்தை, தாத்தாவோட முட்டி உங்க பொறுப்பு."

இப்படியே பல் டாக்டரிடம், பகலில் தூங்கும் காவலாளியை எழுப்பச் சொன்னாள். காவலாளியிடம், வழுக்கும் செருப்பு போடும் பல் டாக்டரைப் பிடித்துக்கொள்ளச் சொன்னாள். ஒரு வீடு விடவில்லை.

கடுகு திரும்பி வந்து சொன்ன எல்லாவற்றையும் அக்கா நோட்டில் எழுதிக்கொண்டாள். "இது புத்தகத்துல இல்லையேடி."

"நீ எழுதிட்டேல்ல? இனிமே இருக்கும்."

மறுநாள் தேர்வு அதிகாரி வந்தார். கையில் கடிகாரம், முகத்தில் மீசை. மீசைக்குப் பின்னால் அவரும் இருந்தார்.

மணி அடித்தது. எல்லாக் கதவும் ஒன்றாகத் திறந்த வேகத்தில் வீசிய காற்றில் நாலு கொடித் துணி காய்ந்துவிட்டது. படியில் டிரைவரும் அத்தையும் கைகோத்து இறங்கினார்கள்.

"பாத்து வாம்மா, நான் இருக்கேன்."

"நீங்க பாத்து வாங்க. நான்தான் இருக்கேன்."

நோட்டைப் பார்த்து அக்கா ஒவ்வொரு வீடாகக் கூப்பிட்டுச் சரிபார்த்தாள். யாரும் விடுபடவில்லை. ஏழு நிமிடம், பத்து வினாடி.

அதிகாரி படிவத்தை எடுத்தார். "காப்பாத்தப்பட்டவங்க கை தூக்குங்க."

ஒரு கைகூட எழவில்லை. டிரைவர் அத்தையைப் பார்த்தார். அத்தை டிரைவரைப் பார்த்தார்.

"சரி, காப்பாத்தினவங்க?"

இருபத்து மூன்று கைகள் எழுந்தன. பூனையும் ஒரு காலைத் தூக்கியது. காது சொறியத்தான் என்று சிலர் சொல்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

அதிகாரி வெகுநேரம் மீசையைத் தடவினார். பிறகு எழுதினார்: 'மீட்கப்பட்டவர்: யாருமில்லை. மீட்டவர்: இருபத்து மூன்று.' பூனையை ஒருமுறை பார்த்தார். இருபத்து மூன்றை அடித்துவிட்டு இருபத்து நான்கு என்று திருத்தினார். அதன் கீழே 'தேர்ச்சி' என்று எழுதிக் கையெழுத்திட்டார்.

அக்கா அந்த வாரத்தில் முதல் தடவையாக உட்கார்ந்தாள், நின்ற இடத்திலேயே.