கப்பலில் ஒருவர் அதிகம்

இன்னும் கொஞ்சம் கிட்ட வாங்க, கண்ணுங்களா. நாளெல்லாம் உழைத்துவிட்டு வந்த உடம்பு. சுவரில் சாய்ந்துகொள்ளுங்கள், காலை நீட்டிக்கொள்ளுங்கள், நான் ஒன்றும் நினைத்துக்கொள்ள மாட்டேன். ஒரு கதை வைத்திருக்கிறேன், மெதுவாகத்தான் சொல்வேன். நடுவில் யாருக்காவது கண் சொருகினால் பக்கத்தில் இருப்பவர் தோளைத் தட்டி எழுப்பிவிட வேண்டும். நான் கேட்பது அது ஒன்றுதான். ஏன் என்று கேட்காதீர்கள். கேட்டு முடிக்கும்போது உங்களுக்கே தெரியும்.

அன்றைக்குக் காலையில் வாசலில் இருந்த ஷூ சூடாக இல்லை.

தெருக்குழாயிலிருந்து தண்ணீர்க் குடத்தோடு வந்த சோனியா, வழக்கம்போல அதைக் காலால் ஓரமாக நகர்த்தினாள். மில்லிலிருந்து வருகிற ஷூ எப்போதும் சுடும். விடியற்காலை பனியில் நடந்து வந்தாலும், ராத்திரி முழுக்கப் பழுத்த இரும்பின் பக்கத்தில் நின்ற அந்தத் தோலில் இருந்து சூடு இறங்க வெகு நேரம் ஆகும். கருகிய ரப்பரும் கிரீசும் கலந்த வாடை வாசலிலேயே நிற்கும். இன்றைக்கு அது மண்பானையின் அடிபோலச் சில்லென்று இருந்தது. வாடையே இல்லை. ஆனால் அப்பாவின் ஷூதான். இடது ஷூவில் அறுந்துபோன கயிற்றுக்குப் பதில் அவர் கட்டியிருந்த செம்புக் கம்பி அப்படியே இருந்தது.

உள்ளே, அறையின் பாதியை மறைக்கும் பழைய புடவைத் திரை இழுத்துவிடப்பட்டிருந்தது. திரைக்குப் பின்னால் மூச்சுச் சத்தம்.

அப்பா வந்து படுத்துவிட்டார் என்று நினைத்தாள். குடத்தைச் சத்தமில்லாமல் இறக்கி வைத்தாள்.

கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டைக்குப் பின்புறம் அந்தத் தெருவில் இது எல்லோருக்கும் தெரிந்த வழக்கம். வாசலில் மில் ஷூ கிடந்தால் உள்ளே நைட் ஷிப்ட் ஆள் தூங்குகிறார் என்று அர்த்தம். கீரைக்காரி அந்த வீட்டுக்கு முன்னால் வந்ததும் குரலை விழுங்கிக்கொள்வாள். பந்து விளையாடுகிற பிள்ளைகள் வேறு பக்கம் போய்விடுவார்கள். அந்தத் தெருவிலேயே வளர்ந்த சோனியா, பேசக் கற்பதற்கு முன்பே பேசாமல் இருக்கக் கற்றவள். கதவைக் கொஞ்சம் தூக்கித் திறந்தால் கீல் முனகாது. தட்டுகளுக்கு நடுவில் துணி வைத்தால் உரசாது. சிரிப்பு வந்தால் முழங்கையில் முகத்தைப் புதைத்துக்கொள்ள வேண்டும். அந்த வீட்டுக்குள் வாய்விட்டுக் கத்தியதாக அவளுக்கு ஒரு நாள்கூட ஞாபகம் இல்லை.

அவளுடைய அப்பா மோசஸுக்கு ரோலிங் மில்லில் வேலை. இயந்திரத்தின் வாயிலிருந்து சிவக்கச் சிவக்கப் பாய்ந்து வரும் கம்பியின் தலையை இடுக்கியால் பிடித்து, உடம்போடு திரும்பி, அடுத்த வாய்க்குள் கொடுக்க வேண்டும். கண் ஒரு நொடி மூடினால் கம்பி காத்திருக்காது. போன கிறிஸ்துமஸுக்கு முன்னால், பக்கத்தில் நின்று வேலை செய்த ஆசீர்வாதத்துக்குக் கண் ஒரு நொடி மூடியது. சவ அடக்கம் முடிந்து வந்த அப்பா, சோற்றுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து வெகு நேரம் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தூக்கம்தான் கண்ணு, வேற இன்னா? அவன் ஊட்டாண்ட நாலு நாளா மைக் செட்டு. ஆளு பகல்ல தூங்கவே இல்ல."

அன்றிலிருந்து அப்பாவின் தூக்கத்தைக் காப்பது அப்பாவையே காப்பது என்று சோனியா முடிவு செய்துகொண்டாள். அம்மா ரோசம்மாள் ஒரு கம்பெனி கேன்டீனில் பாத்திரம் கழுவப் போய்விட்டு இருட்டிய பிறகுதான் வருவாள். பகலெல்லாம் காவல் இவள்தான்.

காவல் இருக்கிற நேரத்தில் அவளுக்கு ஒரே துணை கம்ப்யூட்டர். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் செல்போன் கம்பெனியில் வேலை பார்க்கும் அண்ணன் ஜோஷ்வா, அவள் கணக்கு எழுதும் டேலி கற்றுக்கொள்ளட்டும் என்று வாங்கிப் போட்டது. கூடவே ஒரு கேம் சிடியும் கொண்டுவந்திருந்தான். போன ஞாயிற்றுக்கிழமை ஹாஸ்டலுக்குக் கிளம்பும்போது, திரைப் பக்கம் பார்த்துக்கொண்டே கிசுகிசுத்தான்.

"ஒரு ரூமாண்ட மாட்டிக்கினேன் சோனி. எவ்ளோ மெதுவா போனாலும் அது கண்டுபுடிச்சுடுது. நீ பூனை, உன்னால முடியும்."

"நீ யானை. நீ திரும்பிப் படுத்தாலே தெருவுல நாய் எழுந்து ஓடுது."

"ஓவரா பேசாத. முடிச்சிட்டு சொல்லு."

விண்வெளியில் தனியாகப் போய்க்கொண்டிருக்கிற ஒரு கப்பல். பல வருஷப் பயணம் என்பதால் ஆட்கள் எல்லோரும் கண்ணாடிப் படுக்கைகளுக்குள் தூங்குகிறார்கள். விழித்திருப்பது ஆட்டம் ஆடுகிறவர் மட்டும். பூட்டிய கதவுகளுக்கு மின்சாரத்தை வழி மாற்றி விட வேண்டும், உடைந்த குழாய்களைப் பொருத்த வேண்டும், அங்கங்கே கிடக்கும் குரல் பதிவுகளைக் கேட்டு முன்னால் என்ன நடந்தது என்று தெரிந்துகொள்ள வேண்டும். கப்பலுக்குள் வேறொன்றும் நடமாடுகிறது. அது கேட்டுவிடாமல் நடக்க வேண்டும்.

சோனியாவுக்கு அது ஒரு பெரிய வித்தையாகவே தெரியவில்லை. வீட்டில் நடப்பதுபோல நடந்தாள். ஹெட்போனை ஒரு காதில் மட்டும் மாட்டிக்கொள்வாள்; இடது காது கப்பலுக்கு, வலது காது அப்பாவுக்கு.

அன்றைக்கு மதியத்துக்குள் ஜோஷ்வா மாட்டிக்கொண்ட அறைக்கு வந்துவிட்டாள். மங்கிய நீல வெளிச்சத்தில் வரிசையாகப் படுக்கைகள். கடைசிக் குரல் பதிவு ஒரு பெண்ணுடையது, களைத்துப்போன குரல். மானிட்டரில் ஓடிய இங்கிலீஷை சோனியா எழுத்துக் கூட்டிப் படித்தாள். கப்பலில் ஏறியவர்களைவிடத் தூங்குகிறவர்கள் ஒருவர் அதிகம். அது வேட்டையாடுவதில்லை, படுத்துக்கொள்கிறது. எங்கே எல்லோரும் ஒருவருடைய தூக்கத்துக்காகச் சத்தத்தை அடக்கிக்கொள்கிறார்களோ அங்கே வந்து, அந்த ஒருவரைப் போலவே படுத்துக்கொள்கிறது. பிறகு அவருடைய மூச்சைக் கற்றுக்கொள்கிறது.

சுவரில் ஒரு சிவப்புக் கைப்பிடி இருந்தது. இழுத்தால் சங்கு ஊதும். மனிதர்கள் எழுந்துவிடுவார்கள், எழாதது எதுவோ, அதுதான் அது.

வேறு யாராக இருந்தாலும் இழுத்திருப்பார்கள். சோனியாவின் விரல் போகவில்லை. தூங்குகிறவர்களை எழுப்புவதா? அதற்குப் பதில் ஒவ்வொரு படுக்கையாகப் போய், குனிந்து, மூச்சைக் கேட்கத் தொடங்கினாள்.

உள்ளே இழுக்கும் மூச்சு, நிற்கும், வெளியே விடும் மூச்சு.

அடுத்த படுக்கை. அதே மூச்சு.

கரண்ட் போனது.

அந்த வருஷம் அது தினமும் நடப்பதுதான். மானிட்டர் சுருங்கி ஒரு புள்ளியாகி அணைந்தது. திரைக்குப் பின்னால் மேசை விசிறி சுற்றிச் சுற்றி ஓய்ந்தது. வானம் மூடிக்கொண்டிருந்ததால் அறைக்குள் சாம்பல் நிற வெளிச்சம். ஆனால் இடது காதில் மூச்சு இன்னும் கேட்டது. உள்ளே இழுப்பது, நிற்பது, வெளியே விடுவது. ஹெட்போனைக் கழற்றினாள். அப்போதும் கேட்டது. இவ்வளவு நேரமும் இரண்டு காதிலும் ஒரே தாளத்தில் கேட்டதால் அவளுக்கு வித்தியாசம் தெரியவில்லை.

கேட்டது திரைக்குப் பின்னாலிருந்து.

அப்பாவின் மூக்கில் எப்போதும் ஒரு மெல்லிய விசில் இருக்கும். இரும்புத் தூசி தின்ற நெஞ்சு, நடுநடுவே தூக்கத்திலேயே இருமும். இன்றைக்குக் காலையிலிருந்து ஒரு இருமல்கூடக் கேட்கவில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. நல்ல தூக்கம்போல, தூங்கட்டும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். விசிறி நின்றால் அவர் புரண்டு முழித்துவிடுவாரே என்று, எப்போதும் செய்வதுபோல, பனையோலை விசிறியை எடுத்துத் திரையின் ஓரமாகக் கையை மட்டும் உள்ளே விட்டு வீசினாள். வீச வீச மணிக்கட்டில் மூச்சுக் காற்று பட்டது.

சில்லென்று.

கையை இழுத்துக்கொண்டாள்.

வாசலில் நிழலாடியது. பழவேற்காட்டிலிருந்து கருவாடு கொண்டுவந்து விற்கும் பீவி ஜான். கூடையை இறக்காமலே நின்றாள். சோனியா வழக்கப்படி உதட்டில் விரலை வைத்தாள். பீவி ஜான் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"தெரியுது தெரியுது. இந்தத் தெருவுல வியாபாரம் பண்ணி, எங்கூட்டுக்காரரு ஆண்டயே கிசுகிசுன்னு பேசறேன்டி. அந்த மனுசன் காது போச்சுன்னு டாக்டராண்ட போய்ட்டாரு." சத்தமில்லாமல் குலுங்கிச் சிரித்தாள். "உங்க நைனாவ இப்போ மில் கேட்டாண்ட டீக்கடையில பாத்தேன். பகல் ஷிப்ட் ஆளு வரலையாம், காலீலேர்ந்து அவரயே நிக்க வெச்சிட்டானுங்க. சாயங்காலம்தான் வருவேன், புள்ளையாண்ட சொல்லிடுன்னாரு."

சோனியா அவளையே பார்த்தாள்.

பீவி ஜான் கீழே பார்த்தாள். "ஷூ கெடக்குதே? ஓ, உங்க அண்ணன் வந்துகீறானா. சரி, தூங்கட்டும், நா போய்ட்டு வரேன்." நுனிக்காலில் நடந்து போய்விட்டாள்.

ஜோஷ்வா ஷூ போடுகிறவன் இல்லை. செம்புக் கம்பி கட்டுகிறவனும் இல்லை.

திரையைப் பார்த்தபடி பின்பக்கமாகவே நகர்ந்து சோனியா வாசற்படிக்கு வந்தாள். தெரு முழுக்கப் பார்த்தாள். எதிர் வீட்டு வாசலில் ஷூ. பக்கத்து வீட்டில் ஷூ. அதற்கடுத்த வீட்டிலும். யாரைக் கூப்பிடுவது? எழுப்பினால் ராத்திரி அந்தக் கம்பிக்கு முன்னால் நிற்கப் போகிறவர்கள் அவர்கள். கூப்பிட்டால் இது என்ன செய்யுமோ. தூங்கும்வரை தூங்கட்டும். சத்தம் போடாமல் இருந்தால் ஒன்றும் செய்யாது. படியில் உட்கார்ந்து, முழங்காலைக் கட்டிக்கொண்டு, திரையைப் பார்த்தபடியே இருந்தாள். தூரத்தில் மில்களின் இரைச்சல். கருகிய காற்று. திரை லேசாக உப்பியது, ஒட்டியது. உப்பியது, ஒட்டியது.

சாயங்காலம் தெருமுனையில் மோசஸ் வந்தார். கண் பாதி மூடியபடியே நடந்து வந்தார். சட்டையில் உப்புப் பூத்திருந்தது. படிக்கு வந்து குனிந்து, ஷூவைக் கழற்றி, அங்கே ஏற்கெனவே கிடந்ததைப் பார்க்காமலே அதன் பக்கத்தில் வைத்தார். சூடான ஜோடி. சில்லிட்ட ஜோடி. இரண்டிலும் இடது ஷூவில் செம்புக் கம்பி.

சோனியா அவர் கையைப் பிடித்தாள். தலையை ஆட்டினாள். வாய் அசைந்தது.

"இன்னா கண்ணு? பயந்துட்டியா? பீவி சொல்லலியா?" அவள் தலையைத் தடவினார். "நைட்டுக்கும் நானே போவணுமாம். நிக்கறப்பவே கண்ணு சொக்குது. கொஞ்ச நேரம் பட்த்து எழலன்னா ஆசீர்வாதம் கதிதான். யாரு வந்தாலும் எழுப்பாத, இன்னா?"

எழுப்பாத.

கையை மெதுவாக விடுவித்துக்கொண்டார். திரையை விலக்கினார். மூச்சுச் சத்தம் நின்றது.

"பாய் போட்டே வெச்சிருக்கியா? ஜில்லுன்னு கீது, கண்ணு. நல்லா கீது."

பாய் சரசரத்தது. ஒரு இருமல். மூக்கின் விசில். அப்பா.

நைனா, வெளிய வா. நைனா. சொல்ல வேண்டியது அவ்வளவுதான். சிவப்புக் கைப்பிடி மாதிரி அந்தச் சொல் தொண்டைக்குள் இருந்தது. இழுக்க முடியவில்லை. கற்றுக்கொண்ட உடம்பு. கற்றுக்கொண்ட தொண்டை.

விசிலுக்கு அடியில் இன்னொரு மூச்சு.

முதலில் பின்னால். பிறகு கூடவே. உள்ளே இழுப்பது. நிற்பது. விடுவது.

இருமல் ஒன்று. அதேபோல இன்னொரு இருமல்.

இரண்டாவது இருமல் நன்றாகவே வந்தது.

பிறகு ஒரே ஒரு விசில்.

கரண்ட் வந்தது. மேசை விசிறி திரும்பியது. காற்றில் திரை தூக்கிக்கொண்டது.

அப்பா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். முதுகு அசையவில்லை. அவருக்குப் பின்னால், பிள்ளை தகப்பனைக் கட்டிக்கொள்வதுபோல அவரைக் கட்டிக்கொண்டு, அவரே படுத்திருந்தார். அதே சட்டை. அதே உப்பு. முகம் இந்தப் பக்கம். கண் திறந்திருந்தது, களைப்பே இல்லாமல்.

அது சோனியாவைப் பார்த்தது. உதட்டில் விரலை வைத்தது, அவள் வைப்பதுபோலவே.

சோனியா வாயைத் திறந்தாள். திறந்தபடியே நின்றாள்.

போதும், கண்ணுங்களா. பக்கத்தில் தூங்கிப்போனவர்களைத் தட்டி எழுப்புங்கள், தண்ணீர் குடித்துவிட்டு வீட்டுக்குப் போங்கள். உங்கள் வாசலில் கிடக்கிற செருப்பெல்லாம் உங்கள் ஆட்களுடையதாகவே இருக்கட்டும். களைத்து வருகிறவர்களுக்கு நல்ல தூக்கமும், கூப்பிட்டால் எழுந்துகொள்ளும் தூக்கமும் கிடைக்கட்டும். கூப்பிட வேண்டிய நேரத்தில் உங்கள் வீட்டில் யாருக்கும் குரல் அடைக்காமல் இருக்கட்டும்.