பச்சைக் கொடி கட்டிய முற்றம்

தெருவில் எல்லா வீட்டு வாசலிலும் சிவப்புக் கொடி. பெகிமாய் வீட்டு வாசலில் மட்டும் பச்சைக் கொடி.

"பாத்தீங்களா!" என்று அம்மா போவோர் வருவோரிடமெல்லாம் பெருமையடித்தாள். "எம் பொண்ணு தினமும் விடியக்காலையில எழுந்து முற்றத்தப் பெருக்குவா. அதான் எங்க மண்ணு இவ்வளவு சுத்தம்!"

பெகிமாய்க்குக் காது இரண்டும் சுட்டன. கையிலிருந்த துடைப்பத்தை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள். பெருக்கினால் குப்பை போகும், ஈயம் போகாது. அது அவளுக்கு நன்றாகவே தெரியும்.

ஊர் ஓரத்தில் ஒரு பழைய ஈய ஆலை இருந்தது. மூடிப் பல வருடம் ஆகிவிட்டது. ஆனாலும் அதன் புகைபோக்கி கக்கிய தூள் ஊர் மண்ணில் அப்படியே தங்கிவிட்டது. அதைச் சோதிக்கத்தான் பிஷ்கெக் நகரத்திலிருந்து தமிரா அக்கா வந்திருந்தார். போன மாதம் அவர் பெகிமாயின் வகுப்புக்கு வந்து சொன்னார்:

"உங்க வீட்டுக் குட்டிப் பசங்க எங்க உக்காந்து விளையாடுறாங்களோ, அங்கேருந்து ஒரு பை மண்ணு கொண்டு வாங்க. ஈயத்தூள் கண்ணுக்குத் தெரியாது. மண்ணைத் தொட்ட கைய வாயில வெச்சா வயித்துக்குள்ள போயிடும். நிறையப் போனா மூளை வளர்ச்சியையே கெடுக்கும். ஈயம் அதிகமா இருக்குற வீட்டுல சிவப்புக் கொடி, இல்லாத வீட்டுல பச்சைக் கொடி கட்டுவோம். சிவப்பு வீட்டுல மேல்மண்ண வாரிட்டு, நல்ல மண்ணு கொட்டித் தருவோம்."

பெகிமாய் வீட்டுக்கு வந்து முற்றத்தைப் பார்த்தாள். தம்பி எர்பொல் உட்காரும் இடத்தில் கோழி எச்சம், அடுப்புச் சாம்பல், யாரோ துப்பிய சூரியகாந்தி விதைத் தோல். சே! நகரத்திலிருந்து வந்த விருந்தாளியின் கையில் இதையா கொடுப்பது? விருந்தாளி வந்தால் வீட்டில் இருப்பதிலேயே நல்ல ரொட்டியைத்தானே எடுத்து வைப்பார்கள்!

ஜன்னலோரத்தில் அம்மா தக்காளி நாற்று வளர்த்துக்கொண்டிருந்தாள். அதற்காக மாமா மலைமேல் இருக்கும் மேய்ச்சல் நிலத்திலிருந்து ஒரு மூட்டை மண் கொண்டுவந்து போட்டிருந்தார். கருகருவென்று, தொட்டால் மெத்தென்று இருந்தது. பெகிமாய் அதில் ஒரு பை அள்ளினாள். போதாதென்று மாவுச் சல்லடையில் சலித்து வேறு எடுத்தாள். ஆமாம், மண்ணுக்கு ஒப்பனை செய்த ஒரே பெண் அந்த ஊரில் அவள்தான்!

பச்சைக் கொடியைப் பார்த்தபோதுதான் செய்த காரியம் அவளுக்கு உறைத்தது. தமிரா அக்காவும் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு பெகிமாயிடம் கேட்டார்: "தெரு முழுக்க சிவப்பு, இங்க மட்டும் பச்சையா? புதுசா மண்ணு கொட்டினீங்களாம்மா?"

ஆமாம் என்றும் இல்லாமல், இல்லை என்றும் இல்லாமல் பெகிமாய் ஒரு மாதிரி தலையை ஆட்டினாள். அதற்குள் கூடி நின்ற அக்கம்பக்கத்தார் பச்சைக் கொடியைப் பார்த்துக் கை தட்டினார்கள்.

அதன் பிறகு உண்மையைச் சொல்வது இன்னும் கஷ்டமாகிவிட்டது. காரணம் அம்மா. அவள் வேறு ஊர்க்காரி. இந்தத் தெருவுக்குக் குடிவந்ததிலிருந்து யாரும் அவளைத் தேடித் தேநீர் குடிக்க வந்ததில்லை. இப்போதோ தினமும் யாராவது வர, தேநீர்க் கெண்டி அடுப்பைவிட்டு இறங்குவதே இல்லை. அம்மா பொர்சொக் என்னும் மாவுப் பலகாரத்தைப் பொரித்துக் குவித்தாள், வாய்விட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்க்கும்போதெல்லாம் பெகிமாய்க்கு அழுகை முட்டியது.

ஒருநாள் அடுத்த வீட்டு சைரா அத்தை தன் குழந்தை மெதினாவைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"எங்க முற்றத்துல மண்ணு மாத்துற வரைக்கும் இவ இங்கயே தவழட்டும். இருக்குறதுலயே நல்ல மண்ணு உங்களுதுதானே!"

"தாராளமா விடுங்க!" என்றாள் அம்மா.

மறுநாள் இன்னும் இரண்டு குழந்தைகள் வந்துவிட்டன. பெகிமாய் ஓடிப்போய்க் கம்பளம் விரித்தாள். குழந்தைகள் கம்பளத்தில் இருக்குமா? ஒன்றைத் தூக்கி உட்கார வைத்தால் இன்னொன்று நழுவி மண்ணுக்குப் போனது. மெதினா ஒரு பிடி மண்ணை அள்ளினாள். "ஐயோ, வேணாம்!" என்று பெகிமாய் பாய்வதற்குள் அது வாய்க்குள் போய்விட்டது.

பெகிமாய் குழந்தையின் வாயைக் கழுவினாள், கையைக் கழுவினாள். மறுபடியும் கழுவினாள்.

"எதுக்குடி அவள இந்தத் தேய்ப்பு தேய்க்குற? தோலே உரிஞ்சிடப்போகுது!" என்று சைரா அத்தை சிரித்தாள்.

அன்று இரவு பெகிமாயால் சாப்பிட முடியவில்லை. தன்மேலேயே அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

மறுநாள் காலையில் அவள் முற்றத்துக் கதவைச் சாத்தி, குறுக்கே பெஞ்சை இழுத்துப் போட்டாள். சைரா அத்தை வந்து கதவைத் தட்டினாள். பின்னால் மற்ற இரண்டு அம்மாக்களும் நின்றார்கள்.

"குழந்தைங்கள உள்ள கொண்டு வராதீங்க அத்தை!"

"அடடா! பச்சைக் கொடி வந்ததும் பவிசு வந்துடுச்சா உனக்கு?"

அம்மா பதறிக்கொண்டு வெளியே வந்தாள். "விருந்தாளிய வாசல்ல நிறுத்துறியா? இதெல்லாம் எங்கேருந்துடி கத்துக்கிட்ட? நகரு!"

பெகிமாய் நகரவில்லை.

"இந்த முற்றத்து மண்ண நான் குடுக்கவே இல்ல. மாமா கொண்டு வந்த மலைமண்ணக் குடுத்துட்டேன். நம்ம மண்ணு அசிங்கமா இருந்துச்சு, குடுக்க வெக்கமா இருந்துச்சு. இங்கயும் ஈயம் இருக்கும் அத்தை. மெதினா அதத் தின்னுட்டா..."

சைரா அத்தையின் முகம் வெளுத்துப்போனது. மெதினாவை மார்போடு அணைத்துக்கொண்டு ஒரு வார்த்தை சொல்லாமல் திரும்பிப் போனாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று பெகிமாய்க்குத் தோன்றியது.

அம்மா முற்றத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். "இனி இந்தத் தெருவுல எப்படித் தலை நிமிர்ந்து நடப்பேன்?" என்றவள், சட்டென்று எழுந்து எர்பொலை மண்ணிலிருந்து தூக்கினாள். "என்னத்த நின்னு பாக்குற? அந்த அக்காவக் கூட்டிட்டு வா, ஓடு!"

பெகிமாய் ஓடினாள். தெருமுனையில் லாரியிலிருந்து மண் இறக்கிக்கொண்டிருந்தார்கள். அத்தனை பேர் நடுவில் நின்று அவள் தமிரா அக்காவிடம் மறுபடியும் எல்லாவற்றையும் சொன்னாள். இரண்டாவது முறை சொல்வதும் சுலபமாக இல்லை.

தமிரா அக்கா கடிந்துகொள்ளவில்லை. ஈயத்தை அளக்கும் கருவியை எடுத்துக்கொண்டு கூடவே வந்தார். எர்பொல் உட்காரும் இடத்தில் அதை அழுத்தினார். திரையில் எண் ஏறிக்கொண்டே போனது. பெகிமாய் தானே பச்சைக் கொடியை அவிழ்த்துவிட்டுச் சிவப்பைக் கட்டினாள்.

"எம்மேலயும் தப்பு இருக்கு," என்றார் தமிரா அக்கா. "சந்தேகம் வந்தப்பவே நான் அளந்து பாத்திருக்கணும். சரி, இங்க எந்தெந்தக் குழந்தைங்க விளையாடுச்சு, சொல்லு. எல்லாருக்கும் ரத்தம் பாத்துடலாம்."

மருத்துவமனையில் குழந்தைகள் வரிசையாக ஊசி குத்திக்கொண்டு அழுதன. ஒவ்வொரு அழுகையும் பெகிமாயைக் குத்தியது. மெதினாவுக்கும் மற்ற இருவருக்கும் ரத்தத்தில் ஈயம் கொஞ்சம்தான் இருந்தது. எர்பொலுக்குத்தான் அதிகம்.

"கண்டுபிடிச்சது நல்லதாப் போச்சு," என்றார் டாக்டர். "இந்த மண்ண விட்டுத் தள்ளி வைங்க. நல்லா சாப்பாடு குடுங்க. அடுத்த மாசம் மறுபடி பாப்போம்."

தாமதமாகச் சிவப்பானதால் அவர்கள் வீட்டுக்குக் கடைசியாகத்தான் ஆட்கள் வந்தார்கள். மேல்மண்ணை ஈரமாக்கி வாரிக்கொண்டு போனார்கள். கெட்டித் துணி விரித்து, அதன்மேல் நல்ல மண் கொட்டினார்கள். அத்தனை நாளும் எர்பொல் பெகிமாயின் இடுப்பிலேயே இருந்தான். அம்மாவின் கெண்டி சும்மா கிடந்தது. தேநீர் குடிக்க ஒருவரும் வரவில்லை.

வேலை முடியப்போகும் மாலையில் யாரோ கதவைத் தட்டினார்கள். சைரா அத்தை! இடுப்பில் மெதினா. அம்மா அவசரமாகக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். சைரா அத்தை பார்த்ததோ பெகிமாயை.

"ஏய், நீ சொல்லு. இவள இறக்கி விடட்டுமா?"

பெகிமாய் முற்றம் முழுவதும் பார்த்தாள். கருப்பாக, புதிதாக இருந்தது. ஆனால் கோழிக்கூட்டுப் பக்கம் இன்னும் ஒரு மூலை மூடாமல் கிடந்தது. அம்மா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். 'வாங்க' என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும்.

"இன்னிக்கு வேணாம் அத்தை. அந்த மூலை இன்னும் பாக்கி இருக்கு. நாளைக்கு வாங்க."

சைரா அத்தை அவளை ஒரு நிமிடம் உற்றுப் பார்த்தாள். பிறகு மெதினாவை மறுபக்க இடுப்புக்கு மாற்றிக்கொண்டு, வேலைக்காகக் கதவுக்கு வெளியே எடுத்துப் போட்டிருந்த பெஞ்சில் நிதானமாக உட்கார்ந்தாள்.

"குழந்தைக்குத்தானே நாளைக்கு? எனக்குத் தேநீர் இன்னிக்கே கொண்டு வா!"